கரண்டியின் முதுகில் நடக்கும் சிங்கம்

முன்னேஸ்வரம், சிலாபம் பக்கத்துப் பழைய தென்னந்தோட்ட வீடொன்றின் அலுமாரியில் கறுத்துப்போன கரண்டி அகப்பட்டால், உடனே சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கவிழ்த்து, காம்பின் பின்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். முன்காலைத் தூக்கி நடக்கும் குட்டிச் சிங்கம் தெரிந்தால், அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மெத்தென்றது, செம்புதான் அதற்கு உறுதி.

1544 முதல் இருந்துவரும் அந்தச் சிங்கத்தைச் செய்தவரே குத்திக்கொள்ள முடியாது. பரிசோதனைக் கூடத்தார் பாத்திரத்தில் சிறிது சுரண்டி எடுத்து நிறுப்பார்கள். பழைய முறைப்படி அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் ஆன குழிக் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஒக்சைட்டாகிக் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். வெள்ளி மட்டும் மணியாக எஞ்சும். அந்த மணியை நிறுத்தால் கலப்பு எவ்வளவென்று தெரிந்துவிடும். மனிதர் கண்டுபிடித்த நேர்மையான சோதனைகளில் இதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன்.

சிங்கத்தின் பக்கத்தில் ஊர் முத்திரை இருக்கும். சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம். அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் வரி கட்டிய பொருள். 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. ஆண்டைச் சொல்வது தனி எழுத்து ஒன்று. எழுத்துகள் சுற்றிச் சுற்றி வருவதால் அதன் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை; உள்ளிருக்கும் நிக்கல் கலவையையும் அது இழுக்காது.

சிங்கம் இல்லாத நல்ல வெள்ளியும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ், 1849இல் தொடங்கிய கடை, ஆங்கிலேயத் தேநீர்க் குவளைகளில் நம் தெய்வ உருவங்களைப் புடைத்தெடுத்து விற்றது. ‘சுவாமி’ வேலைப்பாடு என்று சேகரிப்போர் தேடுவது அதைத்தான். அங்கே கடைப்பெயரே முத்திரை. என் மனம் அந்தக் குவளைகளின் பக்கமே சாய்கிறது.

உப்பு விளையும் புத்தளக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு வெள்ளியை அரித்துக் குழியாக்கும். அதனால்தான் பழைய உப்புக் கிண்ணங்களின் உட்புறத்தில் பொன் முலாம் பூசினார்கள். சாப்பாடு முடிந்ததும் உப்பைக் கொட்டிக் கழுவித் துடைத்துவிடுங்கள். கறுப்பை மென்துணியால், முத்திரை இருக்கும் இடத்தைத் தொடாமல் எடுங்கள். தேய்ந்த முத்திரையைத் திரும்ப வரவழைக்க எந்தப் பத்தராலும் முடியாது.