பேய் எங்கே இருக்கிறது?

பேய்ப் படம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது என்ன? பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம்! கடைசியில் ஒரு மந்திரவாதி வருவார்; பேய் ஓடும். கொட்டகையை விட்டு வெளியே வந்தால் பயமும் ஓடிவிடும்.

ஓடாத பேயைப் பற்றியும் ஒரு படம் உண்டு. 1995-ல் ஏபெல் ஃபெராரா என்ற அமெரிக்க இயக்குநர், பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், கறுப்பு வெள்ளையில் எடுத்த 'தி அடிக்சன்' என்ற படம் அது. தத்துவம் பயிலும் மாணவி ஒருத்தியை, நியூயார்க் நகரத்துச் சந்தொன்றில் ரத்தக் காட்டேரி மடக்குகிறது. தன்னைப் போகச் சொல்லும்படி அவளிடமே கேட்கிறது. அவள் கெஞ்சுகிறாள், ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை! கடி விழுகிறது. அதன்பிறகு ரத்தமின்றி அவளால் இருக்க முடியவில்லை. தெருவில் உறங்கும் ஏழையின் உடலிலிருந்து ஊசியால் ரத்தம் எடுத்துத் தனக்கு ஏற்றிக்கொள்கிறாள். பட்டம் பெற்ற விருந்திலேயே பேராசிரியர்கள் மீது பாய்கிறாள். ஹெராயினுக்குப் பல ஆண்டுகள் அடிமையாயிருந்ததைத் தாமே ஊரறியச் சொன்னவர் அந்த இயக்குநர். கற்பனையா இது? பட்டறிவு!

இந்தக் கதைக்கு நியூயார்க் எதற்கு? தாமிரபரணிக் கரை போதாதா?

நெல்லைச் சீமையில் சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கொடை நடத்துவார்கள். வில்லுப்பாட்டு ஓய்ந்தால் கொடையும் முடிந்தது. அடுத்த ஆண்டுதான் மறுபடி. குடி என்ற பேய்க்கோ நாள்தோறும் கொடை! அன்றாடக் கூலி முதல் படையல். மனைவியின் தாலி அடுத்த படையல். பிள்ளையின் படிப்பு அதற்கடுத்தது. கடிபட்டவன் ஒருவன்; ரத்தம் இழப்பதோ குடும்பம் முழுதும்.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். மது கேடு என்று எழுதி வைத்துக்கொண்டே விற்கிறார்கள். காட்டேரியும் எச்சரித்துவிட்டுத்தானே கடித்தது! நம் சினிமா மட்டும் இளைத்ததா? கதாநாயகன் குடித்துவிட்டு ஆடுவான். திரையின் அடியில் எறும்பளவு எழுத்தில் எச்சரிக்கை ஓடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத பூச்சியும் உருவமும் கண்ணில் தெரியலாம். "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலையைத் தேடுகிறவர் உண்டு. அது பேயல்ல, நோய்! கவனிக்காமல் விட்டால் உயிரையே கொண்டுபோகும் நோய். அவரைக் கொண்டுசெல்ல வேண்டிய இடம் கோடங்கி வீடல்ல. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் பிழைக்கலாம், மீளலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கிறது.

ஆகவே, கையில் காமிராவும் நெஞ்சில் துணிவும் உள்ள நெல்லை இளைஞர்களை நாம் கேட்கிறோம்: பாழடைந்த பங்களாவைத் தேடாதீர்கள். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின், வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் ஒரு வீட்டைப் படமெடுங்கள். அப்பன் வரும் காலடிச் சத்தம் கேட்டுப் பாயில் படுத்தபடி நடுங்கும் பிள்ளையைக் காட்டுங்கள்.

அதைவிடப் பயங்கரமான பேய்ப் படம் வேறு எது?