முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி

கைவிடப்பட்ட ஆமை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எதையாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். பாவம், எத்தனை நாள் பட்டினியோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் முதல் நாள் தீனி வைக்காதீர்கள். உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் ஆமைக்குச் செரிமானம் நடக்காது. விழுங்கிய இலை குடலிலேயே கிடந்து புளித்துப்போகும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு இறங்கினால், இரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி உயிரே போகலாம். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கூடவே சரியான வெளிச்சம், கடைசியில்தான் தீனி. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ், மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்ஹாம் வட்டாரத்தில் வாழும் நம்மவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நியூசிலாந்துக்கு என்று சொந்தமான நில ஆமை கிடையாது. இங்கே வீடுகளில் வளர்வது பெரும்பாலும் மத்தியதரைக் கடலோர நாடுகளைச் சேர்ந்த ஹெர்மன் ஆமையும் கிரேக்க ஆமையும்தான். செல்லப் பிராணியாக ஊர்வனவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லாததால், இங்கே இருப்பவையும் அவற்றின் குஞ்சுகளுமே கைமாறிக் கைமாறி வருகின்றன. ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழும் பிராணி இது. வாங்கிய குழந்தை வளர்ந்து வேறு ஊர் போய்விடும், பெற்றோருக்கு வயதாகிவிடும், வீடு விற்கப்படும். ஆமை மட்டும் தோட்டத்து மூலையில், கார் ஷெட்டில், ஒரு பெட்டிக்குள் மிஞ்சும். அது கத்தாது, கடிக்காது, நோய் வந்தாலும் மாதக்கணக்கில் காட்டிக்கொள்ளாது. யாரும் கொடுமை செய்ய வேண்டும் என்று நினைப்பதில்லை. கவனிக்க ஆளில்லாமல்தான் அது சீரழிகிறது.

ஆக்லாந்தின் குளிர்காலம் இந்தப் பிராணிக்கு ஒரு தனிச் சிக்கல். நல்ல உடல்நிலையில் உள்ள ஹெர்மன் ஆமை சுமார் 5 டிகிரி குளிரில் மாதக்கணக்கில் உறங்கும். அப்போது உடம்பின் செலவு மிகக் குறைவு. 20 டிகிரிக்கு மேல் போனால் விழித்து, மேய்ந்து, செரித்து வாழும். த்ரீ கிங்ஸில் ஜூலை மாதம் பகலில் 14, 15 டிகிரி, இரவில் 7, 8. உறங்கவும் போதாத குளிர், உண்ணவும் போதாத சூடு. வெளியில் விடப்பட்ட ஆமை அரைத் தூக்கத்தில், சேமித்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு, ஈர மண்ணில் கிடக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் அதை இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கும். மீட்டுவந்த ஆமையை முதல் குளிர்காலத்தில் உறங்கவே விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தோட்டத்தில் உறங்கும் ஆமையின் காலை எலி கடித்துவிடுகிற அபாயமும் உண்டு.

சரி, கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கையாலும், தரைக்கு அருகிலேயே பிடியுங்கள். வளர்ந்த ஆமையின் ஓடு கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கக்கூடாது. அமுங்கினால் எலும்பிலிருந்து கால்சியம் உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று பொருள். மேலோட்டின் ஒவ்வொரு தகடும் கூம்பு கூம்பாக எழும்பியிருந்தால் குட்டிப் பருவத்தில் வறண்ட இடத்தில், தவறான தீனியில் வேகமாக வளர்ந்திருக்கிறது. அடி ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். இளஞ்சிவப்புத் திட்டு, மெத்தென்ற இடம், கெட்ட வாடை, இதில் எது இருந்தாலும் ஓடு அழுகத் தொடங்கியிருக்கிறது. மேல் அலகு கிளி மூக்கு மாதிரி வளைந்து கீழே இறங்கியிருக்கிறதா? மென்மையான தீனியும் கால்சியக் குறைவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அலகு வளர வளர வாயைத் திறந்து இலையைக் கடிக்கவே முடியாமல் போகும். கண் உள்வாங்கியிருந்தால் உடம்பில் நீர் இல்லை. இமை வீங்கி ஒட்டியிருந்தால் வைட்டமின் ஏ குறைவோ தொற்றோ இருக்கலாம். மூக்கில் குமிழி விடுகிறதா, கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானத் தசை இல்லை. இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. நமக்குச் சாதாரணச் சளி என்று தோன்றுவது அதற்கு நுரையீரல் அழற்சியாக முற்றிவிடும். மூச்சில் கோளாறு தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சூடு என்றால் வீட்டு ஹீட்டர் போதாது. கூண்டின் ஒரு பக்கம் விளக்கின் கீழ் 30 முதல் 35 டிகிரி, மறுபக்கம் 20, 22 என்று இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்று ஆமை தானே தேர்ந்துகொள்ளும். அதோடு புற ஊதா பி கதிர் தரும் விளக்கு தேவை. அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் ஏறாது. ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சூடு வரும், வெளிச்சம் வரும், தேவையானது வராது. விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் அதன் புற ஊதா சக்தி குறைந்துகொண்டே போகும். ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். வெயில் காலத்தில் வெளியே விடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இங்கே மதியச் சூரியன் வடக்கில் நிற்கிறது. தோட்டத்தில் வடக்குப் பார்த்த பக்கத்தில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திய உலர்ந்த அறையும், பக்கத்திலேயே நிழலும் அமையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் வீட்டு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். சுமார் 30 டிகிரி வெதுவெதுப்பு, மேலோடும் அடி ஓடும் சேரும் இடம் வரை ஆழம், தலை தாராளமாக வெளியே நிற்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் அதில் நிற்க விடுங்கள். வறண்டு போன ஆமை தலையைச் சாய்த்துத் தொண்டை அசைய இழுத்து இழுத்துக் குடிக்கும். அதைப் பார்த்தால் அடுத்த நாளும் செய்யத் தோன்றும். முதல் சில வாரம் தினமும் செய்யுங்கள். தண்ணீரில் வெள்ளையாக ஒன்று வெளிவரும், அது சிறுநீர்க் கழிவு. பசை மாதிரி இருந்தால் சரி. மணல் மாதிரி நறநறத்தால் உடம்பில் நீர் போதவில்லை, சிறுநீர்ப்பையில் கல் இருக்கவும் வாய்ப்புண்டு. அந்தத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமையின் குடலில் சால்மோனெல்லா இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சின்னக் குழந்தைகள் முத்தம் கொடுக்க விடக்கூடாது.

இரண்டு மூன்று நாள் சூடும் நீரும் கிடைத்தபின் கொஞ்சமாகத் தீனி. இங்கே புல்வெளியில் தானாக முளைக்கும் டேண்டிலயன், க்ளோவர், மாவோரி மக்கள் கீரையாகச் சமைக்கும் பூஹா, தோட்டத்துச் செம்பருத்தியின் இலையும் பூவும், திராட்சை இலை, முசுக்கொட்டை இலை எல்லாம் நல்லவை. பூங்காவிலும் தெருவோரத்திலும் பறிக்காதீர்கள், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். பசலைக் கீரை அடிக்கடி வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பாசத்தில் சோறு, தோசைத் துண்டு, வாழைப்பழம் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நார் தின்று பழகிய குடல் அது. மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் வயிறு கெட்டுப் புழு பெருகும். நாய் பிஸ்கட்டின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூண்டில் ஒரு கணவாய் ஓட்டைப் போட்டு வையுங்கள். பறவைத் தீனி விற்கும் இடத்தில் கிடைக்கும். கால்சியமும் ஆச்சு, கடித்துக் கடித்து அலகும் தேயும்.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. முன்கூட்டி தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் நிலை, கல், உள்ளே தங்கிவிட்ட முட்டை எல்லாம் தெரியும். தனியாக வாழும் பெண் ஆமையும் முட்டை வைக்கும். தோண்ட மண் இல்லாவிட்டால் வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். வளர்ந்த அலகையும் நகத்தையும் மருத்துவரே தேய்த்துச் சீராக்கட்டும்; வீட்டில் வெட்டினால் பிளந்து இரத்தம் கொட்டும். ஆண்டிபயாடிக் ஊசி போட்டாலும் ஆமையின் உடம்பு சரியான சூட்டில் இல்லையென்றால் மருந்து சரியாக வேலை செய்யாது. ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன்: ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு மருந்தாக நியூசிலாந்தில் எங்கும் கிடைப்பதுதான் அது. பண்ணை வைத்திருக்கும் நண்பர் நல்லெண்ணத்தில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் வேறு ஆமை இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது 6 மாதம் தனியாக வையுங்கள். வெளியில் தெரியாத ஹெர்பீஸ் வைரஸ், மைக்கோபிளாஸ்மா தொற்றுகள் இவற்றிடையே பரவும்.

எல்லாம் குணமாகுமா? ஆகாது. கூம்பான ஓடு தட்டையாகாது. புதிதாக வளரும் பகுதி மட்டும் வழவழப்பாக வரும். வளைந்த கால் எலும்பு வளைந்தபடியே இருக்கும். ஆனால் மெத்தென்ற ஓடு மாதங்கள் கழித்துக் கெட்டிப்படும், எடை ஏறும், பசி திரும்பும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் சரிவும் அந்த நோட்டில் தெரியும்.

ஊனத்தோடு ஆமை எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இந்தப் பசிபிக் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. டோங்கா அரண்மனைத் தோட்டத்தில் வாழ்ந்த துயி மலிலா என்ற ஆமையை 1777ல் கேப்டன் குக் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்வார்கள். குதிரை உதைத்தது, தீயில் சிக்கியது, கண் பார்வை போனது என்றெல்லாம் அதன் கதை. 1953ல் எலிசபெத் அரசி டோங்கா வந்தபோதும் அது உயிரோடு இருந்தது. 1960களின் நடுவில்தான் இறந்தது. அது மடகாஸ்கர் தீவின் கதிர் ஆமை. ஜோன் ராப், கிரஹாம் டர்போட் இருவரும் அதைப் பற்றி எழுதிய கட்டுரை ஆக்லாந்து அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் 1971ல் வந்தது. கண் தெரியாத அந்த ஆமையைத் தாங்கியதில் பாதிப் பங்கு டோங்காவின் வெயிலுக்கு என்று நினைக்கிறேன். த்ரீ கிங்ஸில் அந்த வெயிலை நாம்தான் விளக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலும் அது உச்சத்துக்குப் போயிற்று. வாஸ்துவுக்கு நல்லது என்று வாங்குகிறவர்களும், ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று தூக்கி எறிகிறவர்களும் சேர்ந்து அதை அழிக்கிறார்கள். சிங்கப்பூரில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018ல் விமானத்தில் கர்நாடகத்துக்குத் திரும்பின. உங்கள் கையில் ஒன்று வந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், நோயையும் சேர்த்து விட்டதாகிவிடும்.

ஆக்லாந்தில் உள்ளவர்களுக்கு: 1999ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நாய்க்கு எப்படியோ ஆமைக்கும் அப்படியே பொருந்தும். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆமை கவனிப்பாரின்றிக் கிடந்தால் முதலில் கதவைத் தட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருக்கும். பேசிப் பயனில்லை என்றால் விலங்கு நல அமைப்பான எஸ்பிசிஏவுக்குச் சொல்லுங்கள். நீங்களே எடுத்துக்கொள்வதானால், உங்களுக்குப்பின் யார் வளர்ப்பார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எதுவானாலும் குளிர்காலம் தொடங்குமுன், மே மாதம் முடிவதற்குள் செய்யுங்கள்.