பறையடிப்பவரின் முகத்துக்குப் பிறகு என்ன வருகிறது?

பறை ஒலிக்கும் திரைப்பாடல் ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கை தெரியும், குச்சி தெரியும், தோல் அதிர்வதும் தெரியும். அடிப்பவரின் முகம் பெரும்பாலும் ஒரு நொடிகூட நிற்காது. அதற்குள் நாயகன் ஆடத் தொடங்கியிருப்பார்.

இன்று கைப்பேசியிலேயே பாட்டைப் படம்பிடித்து, அதிலேயே தொகுத்து, யூடியூபில் ஏற்றிவிட முடிகிறது. எங்கள் பகுதி ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் சிலரும் பறையை வைத்து நான்கு நிமிடப் பாடல் ஒன்றை எடுத்தார்கள். அடித்தவர் அவர்கள் தெருப் பெரியவர். சினிமாவைப் போல நொடிக்கொரு வெட்டு வைத்துத் தொகுத்து, முதலில் அவரிடமே காட்டினார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல நான் எங்கப்பா?" என்று கேட்டார் அவர்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையான தொகுப்பு வேலை தொடங்கியது.

நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்துக்கொண்டு, அடுத்து ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் ஒட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்களுக்கோ அதில் பசியும் துயரமும் ஆசையும் வெவ்வேறாகத் தெரிந்தன.

மாணவர்கள் இதையே செய்து பார்த்தார்கள். பெரியவரின் முகம் மூன்று நொடி; அடுத்து பாடை. பார்த்த நண்பர்கள் "இழவுப் பாட்டா?" என்றார்கள். அதே முகத்துக்குப் பின் பள்ளி மைதானத்தில் ஆடும் சிறுமிகளை வைத்தபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. பெரியவர் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்துச் சுதி சேர்க்கும் காட்சியை வைத்தபோது, ஒரு கலைஞர் தெரிந்தார்.

பறையைச் சாவோடு கட்டிப்போட்டது சாதி. பிணத்துக்கு முன் அடிப்பதை ஒரு பிரிவினரின் கட்டாய வேலையாக்கியதும் அதுவே. தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று இலக்கண மரபு வகுக்கிறது. மாடு, நெல், மீன் என்று உழைப்போடும் விளைச்சலோடும் இருந்த கருவி அது. எந்தக் காட்சியை அடுத்து வைக்கிறோம் என்பது இந்த வரலாற்றில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும்தான்.

வெட்டும் இடத்தைத் தாளத்திலிருந்தே கணக்கிடலாம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. நொடிக்கு 30 சட்டகம் பதியும் கைப்பேசியில் அது 15 சட்டகம். ஆனால் எல்லா அடிக்கும் வெட்டினால் கண் களைத்துவிடும். நான்கு அடிக்கோ எட்டு அடிக்கோ ஒன்று போதும். வலக்கை அடிக்குச்சியும் இடக்கை சிண்டுக்குச்சியும் மாறி மாறி விழும் இடத்தை வெட்டாமல் விட்டால்தான் அடவின் நுட்பம் தெரியும். 60 சட்டகத்தில் எடுத்து 30இல் ஓட்டினால் வேகம் பாதியாகும். அப்போது குச்சி ஒலியோடு ஒட்டாது. மெதுவோட்டத்தை முகத்துக்கும் கால் புழுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். காலனி என்றாலே சாம்பல் பூசுவது சினிமாப் பழக்கம். நம் தெருவின் நீலச் சுவரும் மஞ்சள் குடமும் இருக்கிற நிறத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, பெயர். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஒலித்தது. அதை எழுதிப் பாடிய அறிவு, அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் இடம்பெறவில்லை என்று இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் பத்மஸ்ரீ பட்டியலில் வந்தது. விருதுப் பட்டியலுக்கு வராத கலைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை முடிவில் ஓடும் பொடி எழுத்தில் போடாமல், முகம் தெரியும்போதே திரையில் போடுங்கள். போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். யூடியூபில் ஏற்றும் முன் ஒருமுறை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

விடுதி மாணவர்களின் புதிய வடிவத்தில் பெரியவரின் முகம் பதினொரு நொடி வெட்டில்லாமல் நிற்கிறது. அவர் பெயரும் உடன் நிற்கிறது.