மழைக் குளிருக்கு மூன்று உடை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே கொழுந்து எடுக்கின்றன.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் கொச்சியில் வியர்க்கும் நாளிலும் இங்கே குளிரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும். மழைக்காக வேலை நிற்பதில்லை.

குளிரை மட்டும் தாங்கிக் கொள்ளலாம். மழையை மட்டும் தாங்கிக் கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து காற்றும் அடித்தால் உடம்பு தாங்காது. அதற்கு என்ன உடுத்த வேண்டும்? குறைந்த செலவில் எப்படி வாங்குவது?

உடை என்ன செய்கிறது?

உடை சூட்டை உண்டாக்குவதில்லை. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்புதான் சூட்டை உண்டாக்குகிறது. உடை அந்தச் சூட்டை வெளியே போகாமல் காக்கிறது.

சோற்றுப் பானையைச் சாக்கில் சுற்றி வைத்தால் சோறு சீக்கிரம் ஆறாது. ஏன்? சாக்கின் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கிறது. அது சூட்டை எளிதில் வெளியே விடாது. அதே சாக்கை நனைத்துச் சுற்றினால்? சோறு ஆறிவிடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

ஆகவே, உடம்பை ஒட்டிய துணி ஈரமாக இருக்கக் கூடாது. இதுதான் முக்கியம்.

முதல் உடை: உடம்பை ஒட்டியது

பருத்தி நல்ல துணிதான். வெயிலுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் மழைக் குளிருக்கு அது உதவாது. தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். சீக்கிரம் காயாது.

பையன்கள் பந்து விளையாடப் போடும் ஜெர்சி பனியனைப் பாருங்கள். அது பாலியெஸ்டர் துணி. தண்ணீரை அதிகம் குடிக்காது. உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். விலையும் குறைவு. பழையதாக இருந்தாலும் போதும்.

இரண்டாம் உடை: சூட்டைக் காப்பது

இது சுவெட்டர். ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளி மிக நல்லது. கொஞ்சம் நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். அக்ரிலிக் சுவெட்டர் விலை குறைவு. அதுவும் பரவாயில்லை.

தடித்த சுவெட்டர் ஒன்றைவிட மெல்லிய சுவெட்டர் இரண்டு மேல். மேடு ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். வியர்வையும் ஈரம்தான்.

வாங்கியது கம்பளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்தையலில் ஒரு சிறு நூலை எடுங்கள். அதைத் தனியாகக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் போன்ற செயற்கை இழை.

மூன்றாம் உடை: மழையைத் தடுப்பது

முன்பெல்லாம் கம்பளியையோ சாக்கையோ கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் வேலை செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது நனைந்து கனக்கும். இப்போது மழைக்கோட்டும் பிளாஸ்டிக் தாளும் கிடைக்கின்றன.

மழைக்கோட்டு தொளதொளவென்று இருக்கட்டும். உள்ளே சுவெட்டர் போட இடம் வேண்டும். காற்றும் போய்வர வேண்டும். பழைய கோட்டை வாங்கினால் உள்புறத்தை வெளியே திருப்புங்கள். தையல் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

பூச்சிமருந்து வந்த பையை ஒருபோதும் மேலே போடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் விஷம் தங்கியிருக்கலாம்.

கையில் காசு குறைவாக இருந்தால்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் மழைக்கோட்டு. அடுத்து ஜெர்சி பனியன். பிறகு சுவெட்டர், தலைக்குக் குல்லா, காலுக்குக் கம்பளிக் காலுறை.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ந்த மாற்றுத் துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வேலைக்கு எடுத்துப் போங்கள். நனைந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுப்பருகே கவனம்

பாலியெஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பில் சமைக்கும் முன் அவற்றைக் கழற்றிவிடுங்கள். அடுப்புக்கு மிக அருகில் காயப் போடாதீர்கள்.

இது ஆபத்தின் அடையாளம்

ஒருவர் விடாமல் நடுங்குகிறார். விரல் மரத்துப் போகிறது. பேச்சு குழறுகிறது. நடை தடுமாறுகிறது. தூக்கம் வருகிறது என்கிறார். இது சாதாரணக் குளிர் அல்ல. உயிருக்கே ஆபத்து வரலாம்.

உடனே அவரைக் காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டு போங்கள். ஈரத் துணியை மாற்றுங்கள். கம்பளியால் போர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான தேநீர் கொடுங்கள். சாராயம் வேண்டாம். அது சூடு ஏறியது போலத் தோன்றவைக்கும். உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டுப் பெறுங்கள்

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதைப் பற்றிப் பேசியது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. காப்பு வேண்டும் என்பது அன்றே சட்டம் ஒப்புக்கொண்ட விஷயம்.

உங்கள் தோட்டத்தில் என்ன தருகிறார்கள்? எப்போது தருகிறார்கள்? சங்கத்தில் கேளுங்கள். கோட்டு தந்தால் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பாருங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.