ஒரே கோப்பு, மூன்று தோற்றம்: கணினி மாறினால் தமிழ் எழுத்து ஏன் மாறுகிறது?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதற்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். இந்த ‘பாஸ்’, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இதன் பின்னணியில் இருந்த தேசியத் திறமூல மென்பொருள் வள மையத்தில் சி-டாக்குடன் கைகோத்தது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம்.

அந்த மடிக்கணினியின் விண்டோஸ் பக்கத்தில் ‘லதா’ எழுத்துருவில் ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்து, அதையே லினக்ஸ் பக்கத்தில் திறந்தால் என்ன ஆகும்? லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, லினக்ஸோடு வருவதில்லை. கணினி அதன் இடத்தில் ‘லோகித் தமிழ்’ போன்ற வேறொன்றை எடுத்துப் போடும். எழுத்தின் அகலம் மாறும், வரி வேறு இடத்தில் உடையும், ஒரு பக்கத்தில் அடங்கிய விண்ணப்பத்தின் கையொப்ப வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். இத்தனைக்கும் கணினியும் ஒன்றுதான், கோப்பும் ஒன்றுதான்.

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும், ஜி.எஸ்.டி. சாலையிலும், பழைய மகாபலிபுரம் சாலையிலும் மென்பொருள் எழுதும் எல்லோருக்கும் இது சொந்தப் பிரச்சினை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டிய மென்பொருளில், ஒரு கணினியில் சரியாகப் பொருந்திய ‘சேமிக்கவும்’ பொத்தான் இன்னொன்றில் வால் வெட்டுப்பட்டு நிற்கும். இதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று.

எந்த எழுத்துரு கிடைக்கிறது?

விண்டோஸில் தமிழுக்கு விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘நிர்மலா யூஐ’ அந்த இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 10-இல் லதா, விரும்பினால் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பட்டியலுக்குப் போய்விட்டது. மேக் கணினியில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’, ‘தமிழ் சங்கம் எம்.என்.’ ஆகியவை உண்டு. லினக்ஸிலோ விநியோகத்துக்கு விநியோகம் (வகைக்கு வகை) மாறும். ஒன்றில் லோகித், இன்னொன்றில் நோட்டோ.

மென்பொருளில் ‘லதா’ என்று பெயரை மட்டும் எழுதி வைத்தால், அது இல்லாத கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் மாற்று எழுத்துருவுக்குத் தாவிவிடும். எழுதியவருக்கே அது தெரியாது. காட்ட வேண்டிய எழுத்து எந்த எழுத்துருவிலும் இல்லையென்றால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். ₹ குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில், யூனிகோட் 6.0 பதிப்பில் அது சேர்ந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதற்கு முந்தைய எழுத்துருவோடு ஓடும் பில்லிங் கணினியில் தொகைக்கு முன்னால் கட்டம் விழுவது இதனால்தான்.

எழுத்தைக் கோப்பது யார்?

‘கொள்முதல்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: கொ, ள், மு, த, ல். கணினியின் நினைவகத்திலோ அது ஒன்பது குறியீடுகள். க, ஒகரக் குறி, ள, புள்ளி, ம, உகரக் குறி, த, ல, புள்ளி என்று வரிசையாக இருக்கும். ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது, மகரத்தோடு உகரத்தைச் சேர்த்து ‘மு’ என்ற தனி வடிவத்தை எடுப்பது எல்லாம் எழுத்துக்கோப்பு இயந்திரம் என்ற மென்பொருளின் வேலை.

விண்டோஸில் யூனிஸ்கிரைப், அதன் பிறகு டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ். மூன்று தளங்களும் பெரும்பாலான சொற்களில் ஒத்துப்போகும். இடறுவது விளிம்புகளில். தாம்பரம் கடைவீதியில் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்ப் பலகைகள் நிறைய. இந்த ஒரு எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இரண்டாவது வரிசையை அறியாத எழுத்துரு அதைச் சேர்க்காமல் துண்டு துண்டாகக் காட்டும். அதே கடைப் பெயரைத் தேடினாலும், ஒரு வரிசையில் பதிந்தது மற்றதில் தேடும்போது அகப்படாது.

நீளமான சொல்லை வெட்டிக் காட்டும் இடத்திலும் இதே சிக்கல். குறியீடுகளை எண்ணி ‘கொள்முதல்’ என்பதை மூன்றோடு வெட்டினால் புள்ளி போய் ‘கொள’ என்று நிற்கும். ஐந்தோடு வெட்டினால் ‘கொள்ம’. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்கு ஓட்டும்போது நேரும் பிழை இது.

அளவு ஏன் ஒத்துப்போவதில்லை?

எழுத்தின் அளவைப் புள்ளிக் கணக்கில் சொல்கிறோம். மேக் மரபில் ஓர் அங்குலத்துக்கு 72 படப்புள்ளி. விண்டோஸ் மரபில் 96. ஆகவே ‘12 புள்ளி’ என்று ஒரே எண்ணைக் கொடுத்தாலும், மேக்கில் 12 படப்புள்ளி உயரமும் விண்டோஸில் 16 படப்புள்ளி உயரமும் கிடைக்கும். இதைக் கணக்கில் எடுக்காத மென்பொருளில் ஒரு பக்கம் எழுத்து பொடியாகும், இன்னொரு பக்கம் பெட்டியை விட்டு வழியும்.

வரியின் உயரத்திலும் சிக்கல் உண்டு. ஓர் எழுத்துருக் கோப்புக்குள் மேல், கீழ் எல்லைகள் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். மேக் ஒன்றைப் படிக்கும், விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் மற்றொன்றைப் படிக்கும். மூன்றும் ஒத்துப்போகாத எழுத்துருவில், ‘கீ’ போன்ற எழுத்தின் மேல்சுழியோ ‘ழூ’ போன்ற எழுத்தின் கீழ்ச்சுழியோ ஏதாவது ஒரு தளத்தில் நறுக்கப்படும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாக உறுத்தாது. தமிழில் சுழி போனால் எழுத்தே போய்விடும். ‘கீ’ என்பது ‘கி’ என்றாகிவிடும்.

வழி என்ன?

எழுத்துருவையும் மென்பொருளின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். பயனரின் கணினியில் இருப்பதை நம்பாமல், தேர்ந்த ஒரு தமிழ் எழுத்துருவை, இன்ன பதிப்பு என்று முடிவுசெய்து, மென்பொருளோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். மென்பொருள் எழுத உதவும் க்யூடி, ஜாவா இரண்டிலும் எழுத்துருவைக் கணினியில் நிறுவாமலே மென்பொருளுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் சேர்த்து வழங்கத் தடையில்லை. விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐயை இப்படி எடுத்துச் சேர்க்க உரிமை கிடையாது; அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அடுத்தது, எழுத்துக்கோப்பு இயந்திரத்தையும் ஒன்றாக்குவது. அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் 2017-இல் வந்த 5.3 பதிப்பில் எல்லாத் தளங்களிலும் ஹார்ஃப்பஸுக்கே மாறியது. அதே ஆண்டு ஜாவா 9-உம் அதை ஏற்றது. ஒரே எழுத்துரு, ஒரே இயந்திரம் என்றான பிறகு வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும்.

பொத்தானையும் பெட்டியையும் நிலையான அளவில் வரையாமல், உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லை அளந்து வரைய வேண்டும். எழுத்துருவை நாம் முடிவுசெய்தாலும் எழுத்தின் அளவைப் பயனரிடமே விட வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு அது உரிமை. கடிதமும் பில்லும் வெளியே போகும்போது எழுத்துருவைப் பொதிந்த பி.டி.எஃப். ஆகவே போகட்டும்.

இவற்றோடு ஒரு சோதனைப் பட்டியலும் தேவை. ‘கொள்முதல்’, ‘கீழூர்’, ‘ஸ்ரீ’, ‘₹’ என நாலைந்து சொற்களை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவிட்டு, திரைப்பிடிப்பு எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலான பிழைகள் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

அரசு செய்ய வேண்டியது

பாமினி, வானவில் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்த காலத்தை நாம் அனுபவித்திருக்கிறோம். எழுத்துரு இல்லாத கணினியில் முழுக் கோப்பும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற தரங்களைக் கொண்டுவந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது.

சேமிக்கும் முறைக்குத் தரம் வந்துவிட்டது. திரையில் தெரியும் முறைக்கு அந்த அளவு அக்கறை இன்னும் வரவில்லை. பள்ளி, நகராட்சி, நியாயவிலைக் கடை என்று அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தப்புள்ளியிலும், தமிழ் எழுத்து எல்லாத் தளங்களிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கான சோதனையும் இடம்பெற வேண்டும். அதுவரை, மென்பொருள் வாங்கும் கடைக்காரர்கள் காசு கொடுப்பதற்கு முன் தங்கள் சரக்குப் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து, தங்கள் கணினியிலேயே அச்செடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தமிழ் சரியாகத் தெரிவதைக் கூடுதல் வசதியாக எண்ணிக் கெஞ்ச வேண்டியதில்லை. அது விலைக்குள் அடங்கியது.