கருப்பு சோயா டீ: தண்ணீரை மட்டும் குடித்தால் போதுமா?

காலை நடைப்பயிற்சி முடிந்ததும் ஒரு டம்ளர் அருகம்புல் சாறோ கொள்ளு சூப்போ குடித்துவிட்டு வீடு திரும்புவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பலருக்கும் பழகிப்போன ஒன்று. அந்த வரிசையில் இப்போது கருப்பு சோயா டீயும் சேர்ந்திருக்கிறது. எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும், நரைத்த முடி கருக்கும் என்று அதற்குச் சொல்லப்படும் பெருமைகளும் ஏராளம். அம்பத்தூர் வாசகி ஒருவரின் கேள்வி இது: "காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு, வெறும் வயிற்றில் இந்த டீயைக் குடிக்கலாமா?"

குடிக்கக் கூடாது. தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதை சோயா உணவு குறைக்கக்கூடும். மாத்திரையைத் தவறாமல் போட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக வராமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம். மாத்திரைக்கும் டீக்கும் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி விட்டு, மாலையில் குடிப்பது நல்லது. குடிக்க ஆரம்பித்ததை டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கருப்பு சோயா ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மட்டும் சொந்தமானது என்று நினைக்க வேண்டியதில்லை. உத்தரகாண்ட் மலை மக்கள் 'பட்' என்ற பெயரில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். குமாவோன் பகுதி வீடுகளில் இதை வறுத்துக் குழம்பாக வைக்கும் 'சுட்கானி' சோற்றுக்கு வழக்கமான துணை. அல்மோராவில் உள்ள மலைப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வி.எல். பட் 65, வி.எல். பட் 201 என்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. 2023-ல் உத்தரகாண்ட் கருப்பு பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே சமயம் அந்த மாநிலத்துக்குக் குறியீடு பெற்றுத்தந்த இன்னொரு தானியம் 'கஹத்'. வேறொன்றும் இல்லை, நம்ம ஊர்க் கொள்ளுதான்!

கடையில் வாங்கும்போது கவனம் தேவை. 'கருப்பு பயறு' என்று கேட்டால் கருப்பு உளுந்தையோ காராமணியையோ கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கருப்பு சோயா பட்டாணிபோல உருண்டு திரண்டிருக்கும். ஒன்றை இரண்டாக வெட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். சில வெளிநாட்டு ரகங்களில் பச்சையாகவும் இருக்கும். கருப்பெல்லாம் தோலில்தான். ஈரத் துணியால் துடைத்ததுமே கருப்பு ஒட்டிக்கொண்டால் சாயம் ஏற்றியதோ என்று சந்தேகப்படலாம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் கருநீல நிறம் மெல்ல இறங்கும். அந்தத் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு கலந்த நிறத்துக்கு மாற வேண்டும். நாவல் பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இதிலும் இருக்கிறது. புளிப்பு பட்டால் சிவப்பது அதன் குணம்.

டீ தயாரிப்பது சுலபம். 100 கிராம் சோயாவைக் கல், சொத்தை நீக்கி, சட்டென்று ஒரு முறை அலசி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட வேண்டும். அதிக நேரம் தண்ணீரில் கிடந்தால் நிறமி அதோடு போய்விடும். பிறகு அடி கனமான இரும்புச் சட்டியில் போட்டு, தீயைக் குறைத்து வைத்து, கை விடாமல் வறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் வெடித்து உள்ளிருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். வேர்க்கடலை வறுத்த வாசனை வரும். அப்போதே இறக்கிவிட வேண்டும். கருகினால் டீ கசப்பதோடு நிறமியும் வீணாகும். நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு வைக்கலாம். மொத்தமாக வறுத்து அடுக்கி வைத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் வறுத்தால் போதும்.

ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம். 250 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டலாம். தேயிலை சேராததால் இதில் காஃபின் கிடையாது. மாலையில் குடித்தாலும் தூக்கம் கெடாது. சர்க்கரையோ வெல்லமோ சேர்த்தால், எடை குறைக்கக் குடிப்பவருக்கு நோக்கமே கெட்டுவிடும்.

பலர் தவறு செய்யும் இடம் இதற்குப் பிறகுதான். டீயை வடித்துவிட்டு, பருப்பைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சோயாவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம்; ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். இதில் தண்ணீருக்கு இறங்குவது நிறமும் மணமும் சிறிதளவு சத்தும்தான். புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் பருப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு நாளைக்கு 25 கிராம் சோயா புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-ல் அனுமதி தந்தது. ஆதாரம் ஒரே சீராக இல்லை என்று, அந்த அனுமதியைத் திரும்பப் பெற 2017-ல் அதுவே முன்மொழிந்தது. அந்த 25 கிராம் கிடைக்கவே ஏறக்குறைய 65 கிராம் பருப்பை முழுதாகச் சாப்பிட வேண்டும். ஒரு கப் டீ எந்த மூலைக்கு? முடி கருப்பது கிழக்கு ஆசியாவில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டிய பருப்பை அன்றைக்கே குக்கரில் மெத்தென்று வேகவைத்து, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாக்கலாம், ரசத்திலும் கரைக்கலாம். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுப்பதால் அது ஓரளவுதான் குறையும். தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் பெருமளவு போய்விடும். நம்ம ஊர் வெயிலுக்கு ஊறிய பருப்பு சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து வரும் சரக்கு என்பதால் கருப்பு சோயா விலை கூடுதல்தான். கட்டுப்படியாகாதவர்கள் கொள்ளை இதே பக்குவத்தில் வறுத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். சோயா அளவுக்குப் புரதமும் எண்ணெயும் அதில் இல்லை என்றாலும் நல்ல பருப்புதான். தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

"இதை இங்கே பயிரிடலாமா?" என்று பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கத்து விவசாயிகள் கேட்பதும் நியாயம்தான். வாங்கிய விதையை நேராக ஒரு ஏக்கரில் விதைத்துவிட வேண்டாம். சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். ஜூன் மாதத்தில் அல்மோராவில் பகல், சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம். அங்கே பழகிய ரகம் இங்கே வந்தால், செடி வளர்வதற்குள் பூத்து, குட்டையாக நின்று, சொற்பக் காய்தான் தரும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, கோ 3 ரகங்கள் இங்குள்ள பகலுக்கு ஏற்றவை. ஆனால் அவை கருப்பு விதை ரகங்கள் அல்ல. ஆசைப்பட்டால் முதலில் இரண்டு சென்ட் நிலத்திலோ மாடித் தோட்டத்தில் பத்துப் பைகளிலோ போட்டுப் பார்க்கலாம். சோயா விதை முளைப்புத்திறனைச் சீக்கிரம் இழந்துவிடும். அதனால் ஈரத் துணியில் 100 விதையை முடிந்து வைத்து, 70-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிலக்கடலைக்கு வாங்கிய ரைசோபியம் இதற்கு உதவாது. சோயாவுக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்கி விதையில் கலக்க வேண்டும். பூக்கும் நாளையும் செடியின் உயரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனால், அடுத்த பட்டத்தில் பரப்பைக் கூட்டலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.