கனவும் அதன் பொருளும்

பெங்களூர் நகரின் ஸ்ரீராம்புரம் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதியாகும். அங்கு வளரும் தமிழ்க் குழந்தை, இரவில் தோன்றிய கனவைக் காலையில் தாயிடம் கூறும்போது, "கனவு கண்டேன்" என்கிறது. அதையே கன்னடம் பேசும் தோழனிடம் கூறும்போது, கனவு தனக்கு "விழுந்தது" என்னும் பொருள்படக் கூறுகிறது. தமிழிலும் கனவு "வந்தது" என்னும் வழக்கு உண்டு. காண்பது, விழுவது, வருவது ஆகிய மூன்று வினைகளிலும் ஒரு கருத்து மறைந்துள்ளது: கனவு எங்கோ வெளியில் உருவாகி, உறங்குபவரை வந்தடைகிறது என்பதே அது. ஆகவேதான், "இக்கனவு எதை அறிவிக்கிறது? இது பலிக்குமா?" என்ற வினாக்கள் இயல்பாக எழுகின்றன.

பழந்தமிழ் நூல்களில் கனவைப் பற்றிய இருவகைக் கருத்துக்களைக் காணலாம். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகி தேவந்தியிடம் உரைக்கும் கனவு வரப்போகும் துன்பத்தின் முன்னறிவிப்பாகும். திருக்குறளின் கனவுநிலை உரைத்தல் என்னும் அதிகாரத்திலோ, பிரிந்த காதலரைத் தலைவி கனவிற் காண்கிறாள். அங்குக் கனவு எதிர்காலத்தைக் கூறவில்லை. காண்பவளின் உள்ளத்தையே காட்டுகிறது. இக்கால விஞ்ஞானம் இவ்விரண்டாவது கருத்துக்கே அணுக்கமானது.

1953ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் சிற்சில வேளைகளில் விரைந்து அசைவதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவ்வேளைகளில் எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தெளிவான கனவுகளை விவரித்தனர். இந்நிலை ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, ஓரிரவில் நான்கைந்து தடவை ஏற்படுகிறது. அப்போது உணர்ச்சிக்குரிய மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. ஆராய்ந்து முடிவு செய்வதற்குரிய முன்மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிகிறது. கனவில் அச்சமும் மகிழ்ச்சியும் மிகுந்திருப்பதும், பொருந்தாத நிகழ்ச்சிகள் பொருந்தியவைபோலத் தோன்றுவதும் இதனால் எனலாம். பிற உறக்க நிலைகளிலும் கனவு தோன்றுவதுண்டு. ஆயினும் அது அவ்வளவு விரிவாக இருப்பதில்லை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மேற்கூறிய கண்ணசைவு உறக்கம் இரவின் பிற்பகுதியில் நீண்டு அமைகிறது. அதிலிருந்தே பலர் நேராக விழித்தெழுகின்றனர். எனவே அக்கனவு நினைவில் நிற்கிறது. முன்னிரவுக் கனவுகள் மறக்கப்படுகின்றன. எண்ணற்ற கனவுகளுள் ஏதோ ஒன்று பின்னர் நடந்த நிகழ்ச்சியோடு ஒத்துப்போகுமானால் அது ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிறது. ஒத்துப்போகாதவற்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் கனவுக்குப் பொருளே இல்லையா? பாம்புக்கு இன்ன பலன், பல் விழுந்தால் இன்ன பலன் என்று அனைவர்க்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பட்டியலுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பகலில் கண்டவையும், கவலையும், ஆசையும் கனவிற் கலக்கின்றன. ஆகவே கனவு உறங்குபவரின் நிலையைப் பற்றி ஓரளவு அறிவிக்கக்கூடும்.

இவ்வறிவு ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் பெரிதும் பயன்படுவதாகும். சிறுவர்க்கு அச்சக் கனவு எப்போதேனும் தோன்றுவது இயல்பே. ஒரே அச்சக் கனவு மீண்டும் மீண்டும் தோன்றி உறக்கத்தைக் கெடுக்குமாயின், அக்குழந்தை விபத்து, அடி, அச்சுறுத்தல் போன்றவற்றுக்கு உள்ளானதா என்று பரிவுடன் விசாரித்தல் வேண்டும். பரிகாரம் தேடி நாட்களைக் கழித்தால் உண்மைக் காரணம் மறைந்தே கிடக்கும். விழித்த பின்னும் உடலை அசைக்க இயலாமல் மார்பு அழுந்துவதை "அமுக்குவான் பேய்" என்பர். கனவு வேளையில் தசைகள் செயலற்றிருக்கும் நிலை விழிப்பிலும் சில கணங்கள் நீடிப்பதே அதற்குக் காரணம். பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஆனால் முதியவர் ஒருவர் உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசி அடிப்பாராயின், அது பார்க்கின்சன் நோயின் முன்னடையாளமாகவும் இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

பெங்களூரிலேயே, 1954இல் அகில இந்திய மனநல நிலையமாகத் தொடங்கி 1974இல் விரிவடைந்த நிம்ஹான்ஸ் நிலையம், மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்கும் சிகிச்சை அளிக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

கனவு கண்டதாகவோ, விழுந்ததாகவோ, வந்ததாகவோ அவரவர் மொழிமரபுப்படி கூறிக்கொள்வதில் தவறேதுமில்லை. குழந்தை கனவைச் சொல்லும்போது, "இதனால் என்ன நேருமோ?" என்று அஞ்சுவதை விடுத்து, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பதே அறிவுடைமையாகும்.